டவரிலிருந்து பேசுகிறேன்

மணிலாவில் வாங்கிய விமானி உரிமம் இங்கே செல்லாது. மறுபடி ஓட்டிக் காட்டினால்தான் இந்திய உரிமமாக மாற்றித் தருவார்கள். ஆகவே ஜெரோம் தினமும் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இட்லித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பறந்துகொண்டிருந்தான். சமையலறைதான் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர். "ஏங்க, காத்து மேக்கேருந்து அடிக்குது. சக்கரத்த எறக்கிட்டீங்களா?" என்று அங்கிருந்து மனைவி பெனிட்டா கேட்பாள். "சரிம்மா" என்று தரையிறங்குவான். சில நாட்களில் வெங்காயம் உரித்துக் கொடுத்த பிறகுதான் இறங்க அனுமதி கிடைக்கும்.

தேர்வன்று நிஜ வானம், நிஜ விமானம், பக்கத்தில் சிரித்தே பழக்கமில்லாத தேர்வாளர். கடைசியில் டவரிலிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் காற்றின் திசையைச் சொல்லி, இறங்க அனுமதித்தது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஜெரோம் பிசகாமல் சொன்னான். பழக்கதோஷத்தில், கூடவே ஒரு "சரிம்மா"வும் சொல்லிவிட்டான்.

தேர்வாளரின் பேனா பாதியில் நின்றது.

"சக்கரத்த எறக்கிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டது டவரின் அதே பெண்குரல்.

சக்கரங்கள் இறங்கியதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. "எறக்கிட்டேன்" என்றான்.

தேர்வாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ஓடுபாதை, வெங்காயம் உரிக்கச் சொல்லாமலே, அருகே வந்துகொண்டிருந்தது.