கூரையில் இருந்தவர்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கூரையை அறுத்து, திறந்த வண்டியாக மாற்றித் தரச் சொல்லியிருந்தார் மரகதவல்லியம்மாள். வழி சொல்லும் ஜி.பி.எஸ். பெட்டி அந்தக் கூரையில்தான் இருந்தது. அதில் பேசியது அம்மாளின் இறந்துபோன கணவரின் குரல். அதை வீச மனம் வராத மெக்கானிக் ஞானமுத்து, பத்திரமாகக் கழற்றி ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்திவிட்டான்.

அம்மாள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறி, சாவியைத் திருகினார்.

“கிளட்ச்ல இருந்து காலை எடுடி, எருமை! உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?” என்றது குரல்.

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“இவரு கூரையோட போயிருவாருன்னுதான கண்ணு அறுக்கச் சொன்னேன்?” என்றார் அம்மாள் ஞானமுத்துவிடம்.

ஞானமுத்து அறுப்பு மெஷினை எடுத்துவந்தான்.

“இங்க குடு” என்று அம்மாள் கையை நீட்டினார்.

“அதைப் பிடிக்கவே உனக்குத் தெரியாதேடி” என்றது குரல்.