சாமான் அறைக்குச் சூடு

“சன்னல் வேர்த்து வடியுது வின்சன்ட், வந்து பார்! வெளியில மைனஸ் இருபத்தைஞ்சு. உள்ள மடுத் திருவிழா வெக்கை!”

வாசற்படியில் நின்றபடியே அருமைராசா கத்தினார்.

கோயில் உதவிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். குளிர்காலத்தில் கரண்ட் பில் கட்ட வழியில்லாத குடும்பங்களுக்குச் சங்கம் கட்டிக் கொடுக்கும். ஆனால் முதலில் தலைவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அந்தத் தலை லேசில் ஆடாது.

இந்தச் சனிக்கிழமை அவர் தூரம் போகத் தேவையில்லை. உதவி கேட்டிருந்தவள் மாக்கிரட், அவருடைய கீழ்வீட்டுக்காரி. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பழைய மரக்கட்டடம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வீடு. அறைகள் ஒரே மாதிரி. நடந்தால் சத்தம் கீழே கேட்கும்.

“டோர்வல் எயார்போட்டில பிளேன் துப்புரவாக்கிற வேலை. டிசம்பரில நத்தாரோட நிப்பாட்டிப் போட்டாங்கள்,” என்றான் சங்கச் செயலாளர் வின்சன்ட். “தாயும் மகளும்தான். பாவம் அண்ணை.”

“என்ன பாவம்? நானும் தனி ஆள்தான். பென்சன் காசுதான். ஹீற்றரில கை வைக்கிறனோ? ஒரு அறைக்குள்ள முடங்கிக்கொண்டு மற்றதெல்லாம் பூட்டு. ஒரு ஸ்வெட்டர். காலுக்கு ஒரு மேஸ். முடிஞ்சுது.”

“போன வின்ரர் முழுக்க இருமிக்கொண்டு திரிஞ்சனீங்களே?”

“அது போன வின்ரர். இப்ப மல்லித்தண்ணி குடிக்கிறன். ஒரு செருமல் இருக்கோ பார். இதுகளுக்குச் சொன்னா ஏறாது.”

கதவு திறந்தது. மாக்கிரட் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றாள்.

“எங்கையும் வெளிக்கிடுறீரோ?”

“இல்லை ஐயா. வாங்கோ, உள்ள வாங்கோ.”

ஹோல் விறைத்துக் கிடந்தது. வின்சன்ட் கழற்றிய கையுறையைத் திரும்பவும் மாட்டிக்கொண்டான். பின்னறைக் கட்டிலில், ஜாக்கெட்டோடு போர்வைக்குள் புகுந்துகொண்டு மகள் ஜெயனி பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “போன்ஜூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

அருமைராசாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்ப அந்த வேர்க்கிற சன்னல் எது?”

அவரே போய்ப் பக்கத்துச் சின்ன அறைக் கதவைத் தள்ளினார்.

பாண் சுடும் போறணையைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

உள்ளே ஆள் யாரும் இல்லை. சூட்கேசுகள், அரிசி மூட்டை, தையல் மெஷின், பழைய வீடியோ கசெற்றுகள், மடித்துக் கட்டிய நத்தார் மரம். ஒருவர் கால் நீட்ட இடமில்லை. சுவரோரம் ஹீற்றர் மட்டும் முழுச்சூட்டில்.

“சூட்கேசுக்குக் குளிருதாமோ?” என்றார் அருமைராசா. “இல்லாட்டி அரிசிக்குத் தடிமனோ?”

“ஹீற்றர் பழுதோ அக்கா? குறைக்க ஏலாதோ?” வின்சன்ட் கேட்டான்.

“பழுதில்லைத் தம்பி. குறைக்கலாம்.”

“அப்ப ஏன் குறைக்கேல்லை?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கேட்கிறது விளங்குதே?” அருமைராசா குரலை உயர்த்தினார். “பெத்த பிள்ளை அங்க விறைக்குது. இங்க சாமானுக்குச் சுகம். நீரெல்லாம் ஒரு தாயோ?”

மாக்கிரட்டின் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

“ஐயா, இந்த ஒருமுறை மட்டும் கட்டித் தாங்கோ. குளிருக்க வெட்டமாட்டாங்கள், குளிர் முடிஞ்ச உடன கரண்டை வெட்டிப்போடுவாங்கள். வேலை கிடைச்சா நான்…”

“ஏலாது! சனம் பூசையில போடுற காணிக்கை அது. அரிசி மூட்டையைக் காய்ச்ச இல்லை. வின்சன்ட், இல்லையெண்டு எழுது.”

“அண்ணை, என்ன காரணமெண்டு ஒருக்கா…”

“எத்தினை தரம் கேட்கிறது? வாய் இருக்குத்தானே, சொல்லட்டுமே!”

மாக்கிரட் வின்சன்டைப் பார்த்தாள். அருமைராசாவைப் பார்த்தாள்.

“பார்த்தியோ? சொல்ல ஒண்டுமில்லை. நட நட.”

வின்சன்ட் பெருமூச்சு விட்டான். வெளியே போய்க் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டத் தொடங்கினான்.

அருமைராசா வாசலில் குனிந்து பூட்ஸோடு மல்லுக்கட்டினார். கோபம் இன்னும் ஆறவில்லை.

“ஆரும் படுக்காத அறைக்குச் சூடு! நான் மேல எப்பிடி இருக்கிறன் எண்டு வந்து பாரும். ஹீற்றரும் இல்லை, ஒண்டும் இல்லை. வெறும் மல்லித்தண்ணி. நீரும் குடிச்சுப் பழகும்.”

மாக்கிரட் வெளியே எட்டிப் பார்த்தாள். வின்சன்ட் தூரத்தில்தான் நின்றான். அவனுக்குக் கேட்காது.

குரலைத் தாழ்த்தினாள்.

“மல்லித்தண்ணியும் நல்லதுதான் ஐயா. ஆனா போன வின்ரர் நீங்கள் இருமினது எங்களுக்கு விடிய விடியக் கேட்டது. உங்கட கட்டில் இந்தச் சாமான் அறைக்கு நேரே மேலதானே.”