கிரிம்ஸ்பியில் ஓர் உரல்

“இந்த உரலை நீ தூக்கிப் போடலைன்னா நானே போட்டுடுவேன், நார்மன்!”

ஜாய் சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஏப்ரன் முழுக்க மாவு. அடுப்பில் அவளுடைய ஆப்பிள் கேக் வெந்துகொண்டிருந்தது.

நார்மன் இடிப்பதை நிறுத்தவில்லை. சாலட்டுக்குப் பப்பாளிக்காய் கிடைக்காத ஊரில் கேரட்டைச் சீவிப் போட்டு, பூண்டும் மிளகாயும் சேர்த்து இடித்துக்கொண்டிருந்தான்.

“வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பிரெண்டா கேட்கிறா, ‘உங்க வீட்ல ஏதாச்சும் செத்துக் கிடக்கா’ன்னு. எனக்கு மானம் போகுது.”

“அது மீன் சாஸ். மீன் பிடிச்சே பிழைச்ச ஊர்ல மீன் வாசனை ஆகலையாம். நல்ல கதையா இருக்கு!”

மேஜைமேல் வீடு விற்கும் காகிதங்கள் கிடந்தன. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஜாய் போட வேண்டிய கோடு காலியாக இருந்தது. பதினோரு மணிக்குத் தரகர் வருவார். இன்னும் அரை மணி நேரம்.

பன்னிரண்டு வருடம் தாய்லாந்தில் இருந்துவிட்டு, படுத்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள நார்மன் இங்கிலாந்துக்கு, தன் சொந்த ஊரான கிரிம்ஸ்பிக்குத் திரும்பினான். ஜாயும் கூடவே வந்தாள். அது ஆயிற்று மூன்று வருடம். அம்மா போய் ஒரு வருடம். இனி இங்கே என்ன வேலை என்பது அவன் கட்சி.

“இங்க அப்படி என்னதான் குறைஞ்சுபோச்சு உனக்கு?” என்றாள் ஜாய்.

“சொல்லட்டுமா? அங்க வீதியில இறங்கினா முகம் தெரியாதவன்கூட ‘சாப்பிட்டியா’ன்னு கேட்பான். இங்க என் எதிர்ல வர்றவன் நாயைத்தான் பேர் சொல்லிக் கொஞ்சறான். எனக்குக் கிடைக்கிறது ‘மழை வரும்போல’. அவ்வளவுதான்.”

“மழை வருதுல்ல? அதான் சொல்றாங்க.”

“பசிச்சா நாலு எட்டுல சுடச்சுட நூடுல்ஸ். இங்க அஞ்சு மணிக்கே கடையைச் சாத்திட்டு ஊரு அடங்கிப்போயிடுது. அங்க வாடகை பைக் ஓட்டுற பூனோட வண்டியில ஏறி உட்கார்ந்தா, எங்கன்னு கேட்காமலே வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுவான். இங்க பஸ்காரர் என் முகத்தையாவது பார்க்கிறாரா?”

“என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரே!”

“உன்னையா?”

“என்னைத்தான். அங்க நான் யாரு? வெள்ளைக்காரன் பெண்டாட்டி. சந்தையில, கோயில்ல, கல்யாண வீட்ல, எங்க போனாலும் அதுதான் என் பேரு. இங்க நான் ஜாய். பள்ளிக்கூட கேன்டீன்ல பிள்ளைங்க ‘மிஸ் ஜாய், இன்னும் கொஞ்சம் சிப்ஸ்’னு தட்டை நீட்டுதுங்க. போன மாசம் என் ரோஜாவுக்கு முதல் பரிசு. இதையெல்லாம் விட்டுட்டு வந்து உன் வெயில்ல நிக்கணுமா?”

“வெயில் உடம்புக்கு நல்லது.”

“அந்த வெயில்ல உன்னைவிட அதிகமா வெந்தவ நான். எனக்கே சொல்றியா?”

நார்மன் கேரட்டின் மேல் ஓங்கி இடித்தான். ஒரு மிளகாய்த் துண்டு தெறித்து அவள் ஏப்ரனில் ஒட்டியது. ஜாய் அதை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கண்கூடக் கலங்கவில்லை.

“உப்பு பத்தலை,” என்றாள்.

“சரி, உரல் போகட்டும். மீன் சாஸும் போகட்டும். கழிப்பறையில நான் மாட்டினேனே, கழுவுற குழாய், அதையும் பிடுங்கி எறிஞ்சுடவா?”

“அது இருக்கட்டும்,” என்றாள் அவசரமாக.

சிரிக்கலாம் என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை. காகிதங்களை அவள் பக்கம் தள்ளி, பேனாவை மேலே வைத்தான்.

“ஒரே ஒரு கையெழுத்து, ஜாய். இங்க நான் சும்மா மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன். அங்கதான் உயிரோட இருந்தேன்.”

“நான் உயிரோட இருக்கிறதே இந்த மூணு வருஷமாத்தான்.”

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கைப்பேசி அடித்தது. தினமும் இந்த நேரத்துக்கு வரும் அழைப்பு. தாய்லாந்தில் கோன் கேன் பக்கத்துக் கிராமத்திலிருந்து யூபின் அம்மாள். பசைபோல் ஒட்டும் சோற்றை விரலால் உருட்டித் தின்ன நார்மனுக்குக் கற்றுக்கொடுத்தவள்.

“எடுக்காதே,” என்றாள் ஜாய்.

எடுத்தான். திரையில் வெற்றிலைக் காவி படிந்த வாயும், பின்னால் சாயங்கால வெயிலும், வெயிலில் மேயும் கோழிகளும் தெரிந்தன. நார்மன் இரண்டு கையையும் கூப்பினான். அந்த ஊர்ப் பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“சாப்பிட்டியாப்பா?” என்றாள் கிழவி.

“இன்னும் இல்லீங்கம்மா. உரல் தகராறு ஓடிக்கிட்டிருக்கு.”

கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “மேல் அறையைக் கூட்டிக் கழுவி வச்சிருக்கேன். மின்விசிறியும் புதுசு. எப்ப வர்றீங்க?”

நார்மன் ஜாயைப் பார்த்தான்.

ஜாய் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கையெழுத்தில்லாத காகிதங்களை நாலாக மடித்து உரலுக்கு அடியில் செருகினாள். பேனாவை அவன் சட்டைப் பையில் குத்திவைத்தாள். கைப்பேசியைப் பிடுங்கித் திரைக்கு நேரே முகத்தை நீட்டி, நார்மனுக்குப் பாதிதான் பிடிபடும் வேகத்தில் அதே பேச்சில் சொன்னாள்:

“அம்மா! உன் மாப்பிள்ளை வந்தா வருவாரு, நீயே வச்சுக்கோ. நீ பெத்த பொண்ணு இந்த ஊரை விட்டு வரமாட்டா.”