நடுத்துண்டு

மருமகனுக்கென்று வைத்திருந்த பெரிய மீன் நடுத்துண்டைக் கரண்டியில் எடுத்த பிலோமினாள், அதைப் பரிமாறாமல் நின்றாள்.

“மாப்பிள்ளை, தூத்துக்குடிக்குக் குடிபோனதுல இருந்து கடல்ல நீச்சல், துடுப்புப் படகுன்னு போட்டோவா வருது. நீங்க கடக்கரையில பெறந்தவங்க. எம்மக இந்த மேலூர்ல வளந்தவ. இனிமே அவளைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்னு சொல்லுங்க.”

மெர்வின் தட்டைப் பார்த்தபடி சொன்னான். “நான் கூட்டிட்டுப் போகல அத்தை. எனக்குக் கடல்னாலே பயம். பெர்சிதான் என் இடுப்புல கயித்தக் கட்டி நீச்சல் பழக்குனா. போன வாரம் படகு கவுந்தப்ப, என்னைக் கரைக்கு இழுத்துட்டு வந்ததும் அவதான்.”

பிலோமினாள் மகள் பக்கம் திரும்பினாள். “உனக்கு எங்கடி நீச்சல் வந்துச்சு?”

பெர்சி அப்பாவைப் பார்த்தாள். மரியராஜ் மீனில் முள் தேடிக்கொண்டே, “நம்ம தோட்டத்துக் கிணத்துலதான். சொன்னா நீ விடமாட்டியே” என்றார்.

அந்த நாட்களில் ஞாயிறுதோறும் கோயிலில் பாட்டுப் பயிற்சி என்று அவர் வண்டியில் ஏற்றிப்போன மகள், ஈரத் தலையோடு திரும்புவாள். வேர்வை என்பார் அவர்.

“அதானே, அம்புட்டு வருசம் பாட்டுக்குப் போயும் ஒரு வரி ஒழுங்கா பாட வரலையேன்னு நெனச்சேன்” என்றாள் பிலோமினாள்.

கணவரை முறைத்தபடியே, நடுத்துண்டை மகள் தட்டில் வைத்தாள்.