ஆரோக்கியமான தெரு

"உடம்பு எப்படி இருக்கு? ரொம்ப நல்லா, நல்லா, சுமார், மோசம். நாலுல ஒண்ணு சொல்லுங்க."

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் பஞ்சு மில்லில் வேலை செய்கிறவள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு இருமினாள். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசி பறந்தது.

கணக்கக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய் உடம்பை விசாரித்துக் கணக்கெடுப்பதால் அந்த மில் தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. காலையிலிருந்து எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். கட்டிலை விட்டு எழ முடியாதவர்கூட நல்லா இருக்கிறாராம்!

பங்களாத் தெருவில் இப்படியில்லை. உட்காரச் சொல்லி, முழங்கால் வலியில் ஆரம்பித்து முந்தாநாள் தும்மல் வரை கொட்டித் தீர்த்தார்கள்.

"ஏன்க்கா பொய் சொல்றீங்க? ரெண்டு தெருவையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது மோசமோ அங்கதான் ஆஸ்பத்திரி கட்டப் போறாங்க. உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்குவீங்களா?"

"மெதுவாப் பேசு தாயி. மில் மேஸ்திரி வீடு பக்கத்துலதான்." அவள் குரல் இறங்கியது. "தொண்டையில தூசின்னு அவர்கிட்ட சமாளிச்சு வெச்சிருக்கேன். சீக்காளிக்கு மில்லுல வேலை கிடையாது. ஆஸ்பத்திரி கட்டி முடிக்கிற வரைக்கும் என் பிள்ளைங்க எதைத் திங்கும்?"

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்தத் தெரு உருப்படாமப் போகுது."

மில்காரி அதற்குக் கோபப்படவில்லை. "முதல்ல இந்தத் தண்ணியக் குடி. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

கணக்கக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு, 'நல்லா' என்றே குறித்துக்கொண்டாள். சொன்னதைத்தானே எழுத முடியும்? மனசு மட்டும் ஆறவில்லை.

அடுத்த மாதம் முடிவு வந்தது. ரெண்டில் ஆரோக்கியமான தெரு மில் தெருதான். ஆஸ்பத்திரி பங்களாத் தெருவுக்குப் போய்விட்டது.

கணக்கக்கா மாடியேறி மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள்.

"அநியாயம் சார்! அந்த ஜனங்க இருமி இருமியே சாகுறாங்க. கேட்டா மட்டும் நல்லா இருக்கேன்னு பொய் சொல்றாங்க."

"அதுக்கு நாம என்னம்மா பண்றது? முடியலைன்னா முடியலைன்னு சொல்ல வேண்டியதுதானே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கோழைங்க சார். உள்ளதைச் சொல்லத் துப்பில்ல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்தபடி அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னம்மா, ஒரு மாடி ஏறினதுக்கே இப்படி வாங்குது? அடுத்த கணக்கெடுப்பு அடுக்குமாடி வீடுங்கள்ல. தினமும் ஏறி இறங்கணும். முடியாதவங்களை எடுத்துட்டு வேற ஆள் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

நெஞ்சின் இடப்பக்கம் அந்த வலி மறுபடியும் சுருக்கென்று பிடித்தது. கொஞ்ச நாளாகவே இருக்கிறது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மேஜையிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கென்ன சார்? நல்லாத்தான் இருக்கேன்."