இன்னொரு டேக்

“ஒரு வாய் குடி தம்பி, தொண்டைக்கு இதமா இருக்கும்” என்று வெந்நீர் டம்ளரைத் தன் கையாலேயே நீட்டினார் மாஸ்டர். ஆர்கெஸ்ட்ராவையே ஆட்டிப்படைக்கும் மனிதர், பாடகனின் மப்ளரையும் இழுத்துச் சுற்றிவிட்டார். பெற்ற அப்பன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான்.

இத்தாலிய ஓபரா இசைநாடகப் பாடல்கள். பாடகனின் முதல் ஆல்பம். கடைசிப் பாட்டு மட்டும்தான் பாக்கி. அதன் முடிவில் ஓர் உச்சஸ்வரம், ஆளையே உலுக்கிவிடும்.

காலையில் முதல் டேக் முடிந்ததுமே வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். மாஸ்டர் திரும்பி ஒரு முறை முறைத்தார்; தட்டல் நின்றது.

“கடைசியில லேசா ஒரு பிசிறு. இன்னொண்ணு போயிடலாம் தம்பி.”

அந்த இன்னொன்று மத்தியானம் தாண்டியும் முடியவில்லை. வாசிக்கிறவர்களுக்குப் பசி காதை அடைத்தது. பாடகனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

“எரியுது மாஸ்டர். நாளைக்குத் தியேட்டர்ல ஓபரா முதல் ஷோ. பத்து வருஷம் கோரஸ்ல நின்னு வாங்கின ஹீரோ வேஷம். குரல் போச்சுன்னா, பதிலுக்கு வச்சிருக்கிற ஆள் மேடையேறிடுவான்.”

“உன் இடத்துல எவன்டா நிக்க முடியும்? மேடையில பாடறது காத்தோட போயிடும். இதை உன் பேரன் வரைக்கும் கேட்பான். பிசிறோட விடலாமா?”

பாவிப்பயல் நம்பிவிட்டான். கண்ணை இறுக மூடி அடிவயிற்றிலிருந்து இழுத்தான். ஸ்வரம் பாதி ஏறியது, அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. வாயைத் திறந்து திறந்து பார்த்தான். செல்லோ வாசிக்கிற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாஸ்டர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். “பேசாதே தம்பி, பேசவே பேசாதே” என்று தன் காரிலேயே ஏற்றி டாக்டரிடம் அனுப்பினார். கிளம்பும்போது அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, உதட்டசைவாலேயே நன்றி சொன்னான் அவன்.

சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “இப்ப ஆல்பத்துல எதை வைக்கிறது சார்?”

“காலையில முதல்ல பாடினதை வைய்யா. அதுல என்ன குறை?” என்றபடியே மாஸ்டர் செல்போனை எடுத்தார்.

“மாப்ளே, நாளைக்கு நீங்கதான் பாடறீங்க.”