வைஃபையில் சேர்ந்த ஸ்கேனர்

வேதமாணிக்கம் இறந்தபின், கரமனை வீட்டிலிருந்த அவருடைய ஸ்கேனர் வைஃபையில் சேரவில்லை. இறப்புச் சான்றிதழை அனுப்ப வேண்டியிருந்ததால், மனைவி தங்கபாய் டெக்னீஷியன் ஸ்ரீஜித்தை வரவழைத்தாள். அவன் புதிய பாஸ்வேர்டு கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

தாள் எதுவும் வைக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். லேப்டாப் திரையில் ஓர் உள்ளங்கை வந்தது. அதில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. அச்சகத்தில் வெட்டுப்பட்ட கணவரின் விரல் அது.

“பழைய ஃபைல் ஆயிரிக்கும் ஆன்ட்டி,” என்று சொல்லி, ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டினான். அதே கை வந்தது. இம்முறை விரல்கள் மடங்கியிருந்தன.

தங்கபாயின் முகம் மாறவில்லை. “கனெக்‌ஷன் சரியாயாச்சுல்லா மக்கா, நீ கிளம்பு.”

அவன் போனபின், கண்ணாடிமேல் தன் கையை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். திரையில் இரண்டு கைகள் கோத்திருந்தன. அவளுடைய விரல்களுக்குக் கண்ணாடியின் குளிர் மட்டும்தான் தெரிந்தது.